இரும்பு ஆள் கேட்ட முதலாளி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தபோது, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு எதிர்காலக் கதை எழுதினேன். கி.பி. இரண்டாயிரத்தில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசுபவர்கள் இரும்பு மனிதர்கள். அவர்களுக்குப் பசி, இருமல், பண்டிகை எதுவும் கிடையாது. முதலாளி பொத்தானை அழுத்தி அழுத்தியே பெருத்துப்போகிறார். கடைசிப் பக்கத்தில் இரும்பு மனிதர்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலாளிகளின் உலகத்தையே ஆட்டிவிட்டதாக எனக்கு நினைப்பு.

கதை அச்சான வாரமே எங்கள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று பயந்துகொண்டே போனேன். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"பலே! இந்த இரும்பு ஆளு எங்க கிடைப்பான்?"

"அது கற்பனைங்க முதலாளி. கடைசிப் பக்கம் படிச்சீங்களா?"

"அது ஒரே பேஜாருப்பா, வுட்டுட்டேன். நீ மெட்ராஸ் ஏஜெண்டுக்கு ஒரு கடுதாசி போடு."

போட்டேன்.

மத்தியானம், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். என் தொடை பருமனுக்குக் கைகள் உள்ள ஒருத்தி குறுக்கிட்டாள்.

"எல்லா வேலையும் அவனே செய்றான். நாங்க இன்னா பண்றோம் ஐயா?"

"ஓய்வா இருப்பீங்க."

"சோறு?"

அதை நான் எழுதவில்லை. இரும்பு மனிதனின் முழங்கால் திருகாணிக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

ஏஜெண்ட் பதில் போட்டார். இரும்பு ஆள் கைவசம் இல்லையாம். பட்டை அரைக்கும் மெஷின் இருக்கிறதாம். அது ரயிலில் வந்து, மாட்டு வண்டியில் ஷாப்புக்குள் நுழைந்தது. முதலாளி பன்னீர் தெளித்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் தின்ற பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேரை மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சோற்றைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் மெஷினுக்குப் பட்டை போட நிறுத்தப்பட்டாள். தூசியில் புருவம் வரை மஞ்சளாக நின்றவளிடம், "என்னாலதான் இப்படி ஆயிடுச்சு" என்றேன்.

"நீ எழுதலன்னாலும் வாங்கியிருப்பாரு," என்றாள். "ஆனா எங்களப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம்."

 சொல்லிவிட்டு அடுத்த கூடைப் பட்டையை மெஷினில் கொட்டினாள்.

சில நாள் கழித்து முதலாளி மறுபடி கூப்பிட்டார்.

"அடுத்த கதை இன்னா? கடுதாசி எழுதற மெஷின் ஒண்ணு வச்சு எழுதேன்."

"கற்பனை வத்திப்போச்சுங்க முதலாளி," என்றேன்.

அதற்குப் பிறகு நான் காதல் கதைகள்தான் எழுதினேன்.