எத்தனையாவது நிலை

எங்கள் இருவருக்குமே மூக்குக்கு மேல் கோபம். என்னை அப்பாவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் அணுக்கள் மோதுவதைக் கணக்கிடுகிறவர்கள். எங்கள் பாணேர் வீட்டு ஹாலில், டிவி இருக்க வேண்டிய சுவரில் வெள்ளைப் பலகை தொங்கும்.

அந்த வாரம் வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்று எங்களிடம் ஒரே ஒரு எண் கேட்டிருந்தது. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒன்றையொன்று சுற்றும் ஜோடிக்குப் பாசிட்ரோனியம் என்று பெயர். லேசரால் கிளர்த்தினால் அது ஊதிப் பெரிதாகும், பிடி தளரும். அந்த நேரம் எதிர்ப்புரோட்டான் மோதினால் பாசிட்ரானைப் பிடுங்கிக்கொண்டு எதிர் ஹைட்ரஜனாகிவிடும். எத்தனையாவது ஆற்றல் நிலைவரை கிளர்த்தலாம் என்பதுதான் கேள்வி. நான் முப்பது என்றேன். இருபதைத் தாண்டக் கூடாது என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

"கணக்கே தெரியல, என்ன திமிரு உனக்கு!"

"உங்க மண்டைல என்ன, களிமண்ணா இருக்கு?" என்று டம்ளரைப் பலகைமேல் வீசினேன். அடுத்த கணம் என் முடி அவர் கையில் இருந்தது. முகத்தைப் பலகையில் மோதினார். திருப்பி நிறுத்தி அறைந்தார், மறுபடியும் அறைந்தார். காதுக்குள் 'ஙொய்' என்றது. மூக்கிலிருந்து பலகையில் தெறித்த ரத்தம் அதில் போட்டிருந்த வரைபடத்தின் மேல் வழிந்தது. பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "காய் ஜாலா, தாயி?" என்று, என்ன ஆச்சு அக்கா என மராத்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அந்த ஆளைக் கொன்றுபோட வேண்டும் போலிருந்தது.

படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போட்டேன். அவர் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. எதிர்ப்புரோட்டானின் வேகத்தைச் சேர்த்திருந்தேன். பாசிட்ரோனியமே பறந்து வரும் வேகத்தை விட்டுவிட்டேன். அவ்வளவு வேகமாக மோதினால் முப்பதாம் நிலையில் பாசிட்ரான் பிடிபடவே படாது. அவர் சொன்னதுதான் சரி.

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டேன். இதை ஒப்புக்கொண்டால் வாங்கிய அடியையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? மறைத்தால் அங்கே ஒரு கூட்டத்தின் உழைப்பெல்லாம் வீண். மத்தியானம்வரை அழுதேன். பிறகு, என் எண் தவறு, அவருடையது சரி என்று குழுவுக்கு மெயில் அனுப்பினேன். முகத்தைக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் மெயிலைப் படித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல? ரெண்டு போட்டாத்தான் உனக்கு மண்டைல ஏறுது."

"கணக்குல நீங்க சொன்னது சரிதான். அடிச்சதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் கொடுத்துட்டு வர்றேன். கீழ வந்து நிக்கிறாங்க."

"எதுக்குடி?" என்றார், நிஜமாகவே புரியாமல். "நான் சொன்னதுதானே சரி?"