மணியத்தின் படம்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்ததைப் பொறுக்காதீர்கள்! மணியத்தைத் தேடிக் கேட்டவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நான் தஞ்சோங் டாவாய் மீன்துறையில் மீன் எடுத்து, உள்ளே புக்கிட் செலம்பாவில் மோட்டார் சைக்கிளில் விற்கிறவன். மணியம் நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்காரன். வலிப்பு நோய் உண்டு. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, மாத்திரையை விட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை அவனைத் தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் பார்த்தேன். கையைக்கூட ஆட்டினேன்.

மதியம் தோட்டத்து வாட்சாப் குழுவில் அவன் படம் வந்தது. யாராவது பார்த்தீர்களா?

பார்த்தேன் என்று ஒரு சொல்... எழுதவில்லை! முன்பு நான் எழுதியதற்கு ஒருவன், "அண்ணே, இது தமிழா, கோழி கிளறுனதா?" என்று கேட்க, குழுவே சிரித்தது. பேசி அனுப்பவும் கூச்சம். அதனால் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தள்ளிவிட்டேன். எல்லாரும் அதையேதான் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் அதே படம் யார் யாரிடமிருந்தோ எனக்கே திரும்பி வந்தது! கும்பிடும் கைகள், பூக்கள், "ஐயோ பாவம்"... தேடியது யார்? தள்ளிவிட்டதையே தேடியதாக நினைத்துக்கொண்டோம். த்தூ!

அவன் மனைவி லெட்சுமி வேறு வழி பிடித்தாள். ஒரே ஆளைக் கேட்பாள். தெரியாதென்றால், யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டு அவரிடம் போவாள். பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போடுகிறவன், மணியம் கடல் பக்கம் போனதாகச் சொன்னான். அங்கே போய்வருகிறவர் யார் என்றதற்கு என்னைக் காட்டினான். மறுநாள் விடிந்ததும் எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க தெனம் தஞ்சோங் டாவாய் போறவரு. எங்க வீட்டுக்காரர பாத்தீங்களா?"

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே...

"இல்லம்மா."

"அங்க வேற யார கேக்கலாம், சொல்லுங்கண்ணே?"

"தெரியலம்மா..."

"அப்ப கோலா கெடாவுலதான் இருப்பாரு லா."

வடக்கே தூரத்தில் இருக்கும் அந்தத் துறைக்குப் போனாள். அவள் பிடித்து வந்த கயிற்றை அறுத்தவன் நான்! அன்று மதியம் வரை அவன் துறையிலேயே உட்கார்ந்திருந்தானாம். வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்திருக்கிறான். சாயங்காலம் உடலாகத்தான் எடுத்தார்கள்.

சாவு வீட்டில் லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ பேருக்குப் படத்த அனுப்புனீங்கண்ணே... இந்த ஒதவிய மறக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்! என்ன பிறவி நான்?

எழுதிய நாள்: ஞாயிறு, மணியத்தின் முதல் திதி.