எண்ணெயும் தண்ணீரும் கணக்கில் இல்லை

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப்போட்டியில் ஒருவருக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். ஏழு வயதிலிருந்து வருடா வருடம் மேடை ஏறிய நான், ஒரு தடவைகூடக் கடைசி வசனத்தைச் சொன்னதில்லை. எல்லாம் அந்த வணக்கங்களால் வந்த வினை. அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, சக போட்டியாளர்களே என்று கும்பிட்டு நிமிர்வதற்குள் ஒரு நிமிடம் பறந்துவிடும். குறைத்தாலோ, மரியாதை தெரியாத பிள்ளை என்று நாங்கள் குடியிருக்கும் ரொம்மன் பகுதி முழுக்கப் பெயர் கெட்டுவிடும்.

பதினாறு வயதில் எனக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது. நோர்வேஜியப் பள்ளியில் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போய், குரூசர் என்ற போர்க்கப்பலில் மாட்டிக்கொண்டேன். வல்லரசுகள் வாஷிங்டனில் கூடி, குரூசர் பத்தாயிரம் தொன்னைத் தாண்டக்கூடாது, பீரங்கியின் வாய் எட்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டன. ஆனால் எடை பார்க்கும்போது எரிபொருளும் கொதிகலனுக்கான மேலதிகத் தண்ணீரும் சேராதாம்! இதைச் சுரங்க ரயிலில் வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், எதிரே இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

போட்டிக்கும் அதையே எடுத்தேன். "தாய்மொழி, நேரத்தின் அருமை எண்டு எவ்வளவு தலைப்புக் கிடக்கு. உனக்குக் கப்பலோ?" என்று அப்பா தலையில் கை வைத்தார். ஆனாலும் போகும் வழியில் காரிலேயே என்னைப் பேசிக்காட்டச் சொல்லி நேரம் பார்த்தார்.

"மூண்டு நிமிசம் பத்துச் செக்கன். வணக்கத்தைக் குறை."

"ஏலாதப்பா."

"அப்ப கப்பலைக் குறை."

நான் இரண்டையும் குறைக்கவில்லை. மேடையில் கடைசி வசனத்துக்கு வாயைத் திறந்தேன், மணி அடித்தது.

"இறங்குங்கோ பிள்ளை," என்றார் தலைமை நடுவர். கணித ஆசிரியை, கண்டிப்பானவர்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்தேன். "ரீச்சர், கப்பலின்ரை பாரத்தைப் பாக்கேக்கை எண்ணெயையும் தண்ணியையும் சேர்க்கேல்லை எண்டு இப்பதானே சொன்னனான்? என்ரை வணக்கமும் அப்பிடித்தான். அது இல்லாமல் பேச்சு ஓடாது, ஆனால் அது பேச்சில்லை. அதைக் கழிச்சுப்போட்டுப் பாருங்கோ!"

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். ஆசிரியை ஏதோ தாளில் கழித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது.

"சரி. இன்னும் அம்பத்தஞ்சு செக்கன் கிடக்கு. சொல்லுங்கோ."

சொன்னேன். "கப்பல் பெரிதாகக்கூடாது என்று வரம்பு போட்டார்கள், சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் அன்றிலிருந்து வரம்பைத் தொடும்வரை கட்டினார்கள்!" ஒன்பது வருடக் கடன் தீர்ந்த சந்தோஷத்தில் படிகளில் குதித்தே இறங்கினேன்.

அடுத்து ஏறியவள் எட்டு வயதுச் சிறுமி. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டிருக்கிறாள்.

"அவைத்தலைவர் அவர்களே, நடுவர்களே, என்னைக் காரில் ஏற்றி வந்த மாமா அவர்களே, மண்டபத்தைப் பராமரிக்கிற, கதவு திறந்துவிட்ட வக்த்மெஸ்தர் அவர்களே, ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்த சித்தி அவர்களே..."

மூன்று நிமிடம் கடந்தது. தலைமை நடுவர் மணியைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். மேடையில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையிலிருந்த பெற்றோர்களை ஒவ்வொருவராகக் கும்பிடத் தொடங்கியிருந்தாள்.