ப்ளைவுட் போர்க்கப்பலும் மதுரைக்காரர்கள் கேட்ட கேள்விகளும்

பொருட்காட்சியில் கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்வதைப் போல லேசான வேலை உலகத்திலேயே கிடையாது என்று வரிசையில் நிற்கிறவர்கள் நினைப்பார்கள். அந்த வேலையைப் பார்த்துத் தொண்டை கட்டிப்போன சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கோடையில் மதுரைப் பொருட்காட்சியில் நூறடி நீளத்துக்கு ஒரு போர்க்கப்பல் நின்றதே, பார்த்திருப்பீர்கள். மரச்சட்டம், ப்ளைவுட், தகரம். உரிமையாளர் கோரிப்பாளையம் ஜாபர் பாய். அதில் விளக்கம் சொன்னவன் நான். பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து, வேலை போய், ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து என் மனைவி ரோசியின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோசியின் செல்போனில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்ததுதான்.

பொருட்காட்சி நடக்கும் ஆறு வாரமும் வேலை தற்காலிகம். கடைசி வாரம் பாயின் சிநேகிதர் ஒருவர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், வந்து பார்ப்பார். அவர் நல்லபடியாகச் சொன்னால் கப்பலோடு ஊர் ஊராகப் போகும் நிரந்தர வேலை எனக்கு. இல்லையென்றால் மறுபடியும் பெருமூச்சு. முதல் நாளே பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி. கப்பலுக்கே அசிங்கம்.”

பிரேக்

இரண்டாம் நாளே மாட்டுத்தாவணியில் இருந்து ஒரு பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்தார். நேராகச் சுக்கான் அறைக்குப் போய், கப்பலைத் திருப்பும் சக்கரத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டினார். பிறகு குனிந்து கீழே எதையோ தேடினார். “என்னண்ணே தேடுறீங்க?” என்றேன். “பிரேக்கு” என்றார்.

கப்பலுக்கு பிரேக் கிடையாது, நிறுத்த வேண்டுமானால் இன்ஜினைப் பின்பக்கமாக ஓட்டுவார்கள், அப்போதும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும் என்று நான் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். மனுஷன் சக்கரத்தில் இருந்து கையை எடுத்துவிட்டார். உள்ளே இருந்த தன் பெண்டாட்டி பிள்ளைகளை உடனே கீழே இறங்கச் சொன்னார். கப்பல் தரையில் நிற்கிறது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “நிக்கிது, சரி. பிரேக் இல்லாத வண்டிக்கு ஓடலாம்னு எஃப்.சி. குடுத்தவன் எவன்ணே?”

வர்ணம்

பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், தலை நிறைய மல்லிகையோடு வந்து கப்பலை வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, பிரைமர் அடிச்சதோட விட்டுட்டீங்க? பெயின்ட்டு வாங்கலையா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. போர்க்கப்பலுக்குச் சாம்பல் நிறம்தான் அடிப்பார்கள், கடலோடும் வானத்தோடும் கலந்து எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்காக என்று கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். விட்டது தொல்லை என்று நான் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினேன். பின்னால் இருந்து குரல் வந்தது: “தெரியக்கூடாதுன்னு சாம்பல அடிச்சுப்புட்டு, உச்சியில இம்புட்டுப் பெரிய கொடியக் கட்டினா எவனுக்குத்தான் தெரியாது?”

செருப்பு

கப்பலைக் கட்டிய செல்வம் ஆசாரி கல்யாண மேடை போடுகிறவர். வேலை முடிந்ததும் வழக்கப்படி பூசை போட்டுப் பெரிய பீரங்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அவ்வளவுதான். அதைப் பார்த்த ஜனங்கள் ஏணிப்படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்தில் நூறு ஜோடி குவிந்து, வழியை மறித்துக்கொண்டு, இறங்கி வந்தவர்கள் அடுத்தவர் செருப்புக்குச் சண்டை போட்டார்கள். இது கோயில் இல்லை, போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான் கத்திக் கத்திப் பார்த்தேன். ஒரு அம்மா பீரங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒரே வெடியில ஊரையே அழிக்கிற சாமான் முன்னால செருப்போட நிக்கச் சொல்றீங்களே, அது கோவிச்சுக்கிட்டா நீங்களா வந்து நிப்பீங்க?”

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், அதற்குப் பிறகு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பீரங்கிப் பக்கமே போனேன்.

புலி

கப்பலின் உட்சுவரில் பழைய காலத்துக் கடற்படைகளை வரைந்திருந்தோம். அதில் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போகும் படம்தான் பெரியது. பாய்மரத்தில் பாயும் புலி. எனக்கு அந்த இடத்தில் விளக்கம் சொல்லப் பிடிக்கும், குரல் தானாகவே ஏறிவிடும். ஒருநாள் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் மீசைக்காரர், “மாப்ள, இது எந்த ஊரு?” என்று கூட வந்தவரைக் கேட்டார். “மதுரடா” என்றார் அவர். “பின்ன பாண்டியன் கப்பல் எங்கண்ணே?” என்று மீசை என் பக்கம் திரும்பியது.

பாண்டியர்களும் கொற்கையில் இருந்து கப்பல் விட்டவர்கள்தான், அந்தப் படம் அடுத்த வருடம் வரும் என்று சமாளித்தேன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு வியர்த்து ஊற்றியது. பாய் ஓடி வந்து, நாளைக் காலைக்குள் ஒரு கப்பலில் மீன் கொடி வரைந்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். மீசைக்காரர் போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: “யோசிச்சுப் பாருங்கண்ணே, கடல்ல மீன விட்டுட்டுப் புலிக்கு என்ன வேலை?”

அண்டா

இரும்பு எப்படி மிதக்கும் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். அதற்கு நானே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆணி முழுகும், அண்டா மிதக்கும், கப்பல் ஒரு பெரிய அண்டா. எல்லோரும் திருப்தியாகப் போய்விடுவார்கள். செல்லூரில் இருந்து வந்த ஒரு அம்மா மட்டும் போகவில்லை: “போன மழைக்கு எங்க வீட்டு அண்டாவும்தான் தெரு முக்கு வரைக்கும் மிதந்துச்சு. அதுக்கு டிக்கெட் போட்டமா?”

காற்று

கடைசி ஞாயிற்றுக்கிழமை பாயின் அந்தக் கடற்படைச் சிநேகிதர் வந்தேவிட்டார். திருமங்கலத்துக்காரர், பெயர் சுந்தரம். இருபத்திரண்டு வருடம் போர்க்கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். பாய் அவருக்குப் பின்னால், பாய்க்குப் பின்னால் நான். அன்று காலை ரோசி என் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டிருந்தாள்.

கப்பலின் முன்பக்கம் வந்ததும் மனுஷன் நின்றுவிட்டார். அங்கேதான் கப்பலைத் தள்ளும் ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. அது பின்பக்கம் தண்ணீருக்குள் இருக்க வேண்டியது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெயிலில் வரிசையில் நிற்கிறவர்கள் பாவம் என்று செல்வம் ஆசாரி இரண்டு ப்ரொப்பெல்லரையும் முன்னால் மாட்டி, மோட்டார் வைத்து, காற்று ஜனங்கள் மேல் படும்படி திருப்பிவிட்டார். ஆறு வாரமாக நான் அதற்கு விதவிதமாகக் காரணம் சொல்லி வந்தேன். எதிரே வரும் தண்ணீரை இழுக்கும், எதிரியின் வலையை அறுக்கும், இப்படி வாய்க்கு வந்ததையெல்லாம்.

“இது ஏன் முன்னாடி இருக்கு?” என்றார் சுந்தரம் சார். வலையை அறுக்கும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடம் அதைச் சுற்ற வைத்தவரின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. “காத்துக்காகத்தான் சார். மதுர வெயிலு” என்றேன். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். ரோசியிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சுந்தரம் சார் வரிசைக்குள் புகுந்து, ஒரு கைக்குழந்தைக்காரிக்கும் ஐஸ் தின்றுகொண்டிருந்தவருக்கும் நடுவில் போய் நின்றார். சட்டையில் மேல் பட்டனைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். வரிசை நகர்ந்தும் அவர் நகரவில்லை. பாய் மெதுவாகப் பக்கத்தில் போய், “அண்ணே, நாளைக்கே பின்னாடி மாத்திருவோம்” என்றார். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இருபத்திரண்டு வருசம் இன்ஜின் ரூம்ல கிடந்து வெந்தேன் பாய். ஒருநாளாவது இது என் பக்கம் காத்து அடிச்சிருக்கா? இதையும் மாத்தாதீங்க, இந்தத் தம்பியையும் மாத்தாதீங்க.”

அடுத்த வாரம் கப்பலோடு விருதுநகர் கிளம்புகிறேன். இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்டும், எனக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்காதது ஆண்டவன் புண்ணியம்.