வேண்டாவும் வெட்கங்கெட்ட கம்பளிப்பூச்சியும்

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு வேண்டா என்று பேர் வைத்தார்கள். அதற்காக யாரும் அவள் சோற்றைக் குறைக்கவில்லை. அவள் குறைக்க விட்டால்தானே. கடப்பாக்கத்தில் கருவாடு காயவைத்தாள், செங்கல் சூளையில் மண் மிதித்தாள். புருஷன் ஓடிப்போனதும் கருங்குழி பக்கம் தேசப்பனின் மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலம்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அவள் போட்ட வேர்க்கடலையைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்தது.

"இன்னொரு வெள்ளாமையும் போச்சுன்னா வேற ஆளுக்கு வுட்டுடுவேன்" என்றார் தேசப்பன்.

வேண்டா வீட்டு முருங்கையில் வருகிற கம்பளிப்பூச்சி முருங்கையைத் தவிர எதையும் தொடாது. "இதுவும் அதுக்குப் பங்காளிதானே? கடலையே போடலன்னா இன்னாத்த துன்னும்?" என்று மறுவருஷம் தட்டைப்பயறு விதைத்தாள்.

முதல் மழை விழுந்தது. பூச்சி பயறைத் தின்றது. வரப்பு ஆமணக்கைத் தின்றது. வேலி எருக்கையும் விடவில்லை.

"வெக்கமே இல்லாத ஜென்மம்கா" என்றேன்.

முருங்கை வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் பூச்சி நாக்கு வளர்த்துக்கொண்டு வாழலாம். இந்த வயல் பூச்சியின் தாய் மண்ணுக்குள் கிடந்து, மழை விழுந்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வருகிறது. ஆயுசு சில நாள். அந்த வருஷம் வயலில் என்ன முளைத்திருக்கும் என்று அதற்கு யார் சொன்னது? இலையிலும் கல்லிலும் முட்டையிட்டுவிட்டுச் சாகிறது. குஞ்சு நடந்துபோய் எதிர்ப்பட்டதைத் தின்கிறது. ருசி பார்த்த குஞ்சுகள் எப்போதோ செத்தொழிந்திருக்கும். எதையும் தின்ற வாய்தான் பிழைத்து வம்சம் வளர்த்தது.

"என்னிய மாதிரியே" என்றாள் வேண்டா. "எதையும் துன்றது, எதப் போட்டாலும் வரும்."

தின்ற பயறுக்கும் தின்னாத பயறுக்கும் நடுவே பள்ளம் வெட்டி எருக்கங்கிளைகளைப் போட்டாள். ஊர்ந்து வந்த பூச்சிகள் பள்ளத்தில் விழுந்து, எருக்கைத் தின்று, உச்சி வெயிலுக்கு அதன் அடியிலேயே ஒண்டின. இருவரும் மண்ணைத் தள்ளி மூடினோம். பாதி பயறு தேறியது.

தேசப்பன் வந்தார். "பாதிதானா?"

"மீதிய துன்னவங்க அந்தப் பள்ளத்துலதான் கீறாங்க. கேட்டுப் பாருய்யா."

அவர் போய்க் குனிந்தார். தப்பித்த ஒன்று வெள்ளை வேட்டியில் ஏறியது. துள்ளிக் குதித்தார்.

"வேட்டியையுமா துன்னும்?"

"அத்த நம்ப முடியாதுய்யா. எதுக்கும் கெட்டியா புடிச்சிக்கோ."

ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பேறியவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "முழுசாப் போவலல்ல. நீயே இருந்துக்கோ."

மறுவருஷம் வேண்டா முதலில் பள்ளம் வெட்டினாள். பிறகுதான் கடலை விதைத்தாள்.