படிகாரத்தில் ஊறிய கல் நத்தை

நாக்கில் வைத்ததும் லேசாக இனித்து, அடுத்த நொடியே வாய் முழுவதையும் சுருட்டி இழுக்கும் படிகாரத்தின் துவர்ப்பு ஏழாம் வகுப்பிலேயே எனக்குப் பழக்கம். திருமழபாடியில் குடிநீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருந்த என் சித்தப்பா, தண்ணீரைத் தெளியவைக்கும் முரட்டுப் படிகாரமான பழுப்பேறிய "ஆலம் கட்டி"யை உடைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வார். இரும்பு வாளியை அரித்துவிடும் என்று பிளாஸ்டிக் டிரம்மில்தான் கரைப்பார். நக்கிப் பார்த்ததற்கு வாங்கிய திட்டு தனி. "இது கடையில விக்கிற படிகாரம் இல்ல, தொட்டிக்குப் போடுறது. வாய் வெந்துடும்" என்றார். கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வந்து நீர் செம்மண்ணாய்க் கலங்கும் நாட்களில், அந்தக் கரைசலை ஊற்றிக் கலக்கியதும் மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பஞ்சுப் பஞ்சாக அடியில் இறங்குவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. மண்ணை விரட்டும் பொருள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் வகுப்புத் தோழி திவ்யாவின் அப்பா, அரியலூர்ப் பக்கம் கிணறு வெட்டிய இடத்தில் ஒரு "கல் நத்தை"யைக் கண்டெடுத்திருந்தார். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததற்குச் சாட்சியான புதைபடிவம். உள்ளங்கையளவு சுருண்ட ஓடு, மேலே நெருக்கமான வரிகள், வரிகளுக்கிடையே காய்ந்த களிமண். அதை வைத்துத்தான் திவ்யா மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போகவிருந்தாள். ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தவளிடம், "நாளைக்குப் பளபளன்னு தரேன்டி" என்று கெஞ்சி வாங்கிவந்து, சித்தப்பாவுக்குத் தெரியாமல் எடுத்த ஆலத்தை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து நத்தையை உள்ளே போட்டேன். குமிழ்கள் எழுந்தன. மண் கழல்கிறது என்று பூரித்துப்போனேன்.

காலையில் எடுத்தால், களிமண் அங்கங்கே அப்படியே இருந்தது; வரிகள்தான் மழுங்கி, மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆலத் தண்ணி புளிச்ச தண்ணி, சுண்ணாம்பத் தின்னுடும். இது முழுக்க சுண்ணாம்புதானே?"

திவ்யா அழவில்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "சோப்புக்கட்டி மாதிரி இருக்கு" என்றாள். அந்த வருஷம் அவள் கண்காட்சிக்குப் போகவில்லை. அரையாண்டு வரை என்னோடு பேசவும் இல்லை.

இப்போது நான் வேதியியல் முதுகலை படிக்கிறேன். தொட்டிக்கு ஆலம் கட்டி வருவது நின்று, கேனில் திரவமாக வருகிறதாம். பெரம்பலூரில் வேலை பார்க்கும் திவ்யா போன வாரம் போன் செய்தாள். "அந்த நத்தையில எத்தனை வரிடி இருந்துச்சு? அண்ணன் பொண்ணு படம் வரையக் கேக்குறா."

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் குமிழ்களை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.