பாசிக்காய்

எங்கள் வீடு சைவம் என்பது மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரியும். தெரியாமல் இருக்க என் மாமியார் விட்டதில்லை. ஜப்பான்காரன் வந்து அரிசி காணாமல் போய், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்று ஆன பிறகும் அவர் ஒரு முட்டையைக்கூட உள்ளே விடவில்லை. என் கணவரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாமியாருக்குக் கால் வீங்கிக்கொண்டே வந்தது. எனக்கு நின்றால் தலை சுற்றியது.

பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான். ஒருநாள் காலையில் என்னை உஜோங் பாசிர் கடற்கரைக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள். கடல் வற்றிக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில், சேற்றின் மேல், நாற்றங்கால் மாதிரி கடல்புல். குனிந்து பார்த்தால் அதற்குள் ஒரு ஊரே இருந்தது. கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள், புல்லின் நிறத்துக்கே மாறிப்போன சின்ன மீன்கள், ஒரு புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்ற விரல் நீளக் கடற்குதிரை. அவள் தேடியது அவற்றையல்ல. புல்லுக்கடியில் பதுங்கியிருந்த கொங்கோங் என்ற நத்தையை. ஓட்டின் உதடு தடித்திருந்தால் எடு, மெல்லிசாக இருந்தால் குட்டி, விட்டுவிடு என்றாள். நான் எடுத்த முதல் நத்தை இரண்டு கண்களை வெளியே நீட்டி என்னைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையில் போட்டேன்.

அவள் வீட்டு அடுப்பிலேயே வேகவைத்து, சதையை இழுத்து நறுக்கி, தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்த்து எடுத்து வந்தேன். இது என்னடி என்று மாமியார் கேட்டார்.

"கடல்பாசி வேர்ல காய்க்கிறது, அத்தை."

கடல்பாசி சைவம். விரத நாளில்கூடச் சீனி போட்டுக் காய்ச்சி, கட்டியானதும் வெட்டிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். பாசி சைவம் என்றால் அதில் காய்ப்பதும் சைவம்தானே? மாமியார் ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். முற்றவிட்டுப் பறித்திருக்கிறாய், அடுத்த தடவை பிஞ்சாகப் பார்த்துப் பறி என்றார். பாசிக்காய் என்று பெயர் வைத்ததும் அவர்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொல்லைப்புறம் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மூன்று வாரத்தில் அவர் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அதில் வந்த பெருமையில், கோயில் பண்டாரத்தின் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். பண்டாரத்தின் மனைவிக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை, தாய்ப்பால் வற்றிவிட்டிருந்தது. அவர்களும் சுத்த சைவம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது நான். வழியில் வேலியோரம் கொட்டிவிடலாமா என்று நினைத்தேன். கொட்டவில்லை. பாசிக்காய் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன். அடுத்த வாரமும் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே மாமியார் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, போன தடவ ஒண்ணுல நகம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எடுத்து ஓரமா வச்சிட்டு மிச்சத்த சாப்பிட்டேன். ரெண்டு நாளா பிள்ளைக்குக் கொஞ்சம் பால் வருது. அது எங்க கெடைக்குதுன்னு சொல்லுங்க, நானே போய் எடுத்துக்கிறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நத்தை தன் வாயை மூடிக்கொள்கிற அந்தக் கறுத்த நகம். ஒன்றில் வெட்டாமல் விட்டிருக்கிறேன். அவள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. இடத்தைத்தான் கேட்டாள். உஜோங் பாசிர் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்து உள்ளே தேவாரம் நின்றது.

"எங்க வீட்டுல அந்த மாதிரி எல்லாம் சமைக்கிறது இல்ல," என்றேன். மாமியார் காதில் விழும்படி உரக்கவே சொன்னேன்.

பொய் சொல்லி ஊட்டியதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. பசிக்கு முன்னால் அது ஒரு பாவமே அல்ல. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் திருட்டுத்தனமாகத் தின்றதையே அவளும் தின்றதற்காக, பால் வற்றிய ஒருத்தியைக் கேவலப்படுத்தி அனுப்பினேன்.

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. பசியில என் கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

மன்னிப்புக் கேட்டதும் அவள்தான். அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு அவள் வரவில்லை. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் பாசிக்காய்தான். நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.